நம்மை நாமே திட்டிக்கொள்வதை விட்டால் சோம்பேறியாகிவிடுவோமா?

நீலக்குடை (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். தன்னைத் தானே திட்டிக்கொள்ளாத ஒருவர் வாழ்க்கையில் முன்னேற முடியுமா?

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். மருத்துவத்துக்கான கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி எனக்கு எட்டவில்லை. தோற்றக்கூடிய வாய்ப்புகள் எல்லாம் முடிந்த பிறகு கணக்கியல் பக்கம் வந்தேன். இப்போது கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை, அதோடு ஏஏடி என்ற கணக்கியல் தொழிற்தகைமைப் பரீட்சைகள். வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் வீட்டுக்கு உதவுகிறது. ஆனால் ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வெளிவரும் கிழமையில் உள்ளே ஒரு குரல் தொடங்கிவிடும். "உன்னால் ஒன்றும் ஏலாது. அம்மாவின் சங்கிலி ரியூசன் காசாகப் போனது. நீ என்ன கிழித்தாய்?" பெறுபேறு வராத காலத்திலும், பேரேட்டில் ஒரு தொகை பொருந்தாவிட்டால் அதே குரல், அதே வார்த்தைகள்.

உன்னை நீ ஏற்றுக்கொள், உன்மேல் அன்பாக இரு என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பயம். விடிய நாலரைக்கு என்னை எழுப்பிப் படிக்க இருத்துவதே அந்தக் குரல்தான். அதை வாயை மூடச் சொன்னால் நானும் நின்றுவிடுவேனோ? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்

பிள்ளை, உங்கள் பயம் நியாயமானது. நான் தீவுப்பகுதியிலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் துணி மூட்டை தூக்கியவன். படுக்கை கடைக்குள்ளேயே. இன்று அதே தெருவில் சொந்தக் கடை. ஒரு நாளும் என்னை நான் தடவிக்கொடுத்ததில்லை. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று அப்பு சொல்வார். எனக்கு அடிக்க ஆள் இல்லை, அதனால் நானே அடித்துக்கொண்டேன். அதுதான் என்னை மேலே கொண்டுவந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு சொல் தாங்காது. தன்மேல் இரக்கப்படத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது.

மாலைவகுப்பு (பம்பலப்பிட்டி)

நீலக்குடை, நான் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அதனால் இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் எழுதுவேன்.

முதலில் அந்த வெட்டுப்புள்ளிக்கு அடிப்படையான இசட் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, அதை நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படி வருவதைக் கூட்டிச் சராசரி எடுத்தால் உங்கள் இசட் புள்ளி. சராசரி மாணவருக்கு அது பூச்சியம். அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் நடுவிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒதுக்கீடு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதிப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் வெட்டுப்புள்ளி மேலேதான் நிற்கும். இதே புள்ளியோடு வேறு மாவட்டத்தில் தோற்றியிருந்தால் உள்ளே போயிருக்கக்கூடிய பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டை நான் குறைசொல்லவில்லை. ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அது நியாயம். ஆனால் நிர்வாகம் போட்ட ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றதை "எனக்குத் தகுதி இல்லை" என்று வாசிப்பது கணக்காகவே பிழை. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. அவர்கள் எல்லோரும் ஒன்றுக்கும் ஏலாதவர்களா?

இனி உங்கள் பயம். அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2012இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் மாணவர்களுக்கு மிகக் கடினமான ஒரு சொற்பரீட்சை வைத்தார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம், "இது பலருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, உங்கள்மேல் கடுமையாக இருக்காதீர்கள்" என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், "இந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் கெட்டிக்காரராகத்தான் இருப்பீர்கள்" என்றார்கள். மூன்றாவது பகுதியினரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கு முன் கூடுதல் நேரம் படித்தவர்கள் முதல் பகுதியினர். கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்கள்கூட அவ்வளவு படிக்கவில்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010இல் இன்னொன்று செய்தார்கள். முதற் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட முதலாம் வருட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்தவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். காரணமும் விளங்கக்கூடியதுதான். புத்தகத்தைத் திறந்தாலே குற்ற உணர்வு வரும் என்றால் கை எப்படிப் புத்தகத்துக்குப் போகும்?

விடிய எழுப்புவது அந்தக் குரல் என்கிறீர்கள். அது எழுப்பிய பிறகு, முதல் அரை மணித்தியாலத்தில் உண்மையில் எவ்வளவு மண்டையில் ஏறுகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்

ரீச்சர், மரியாதையோடு சொல்கிறேன். அமெரிக்காவில், கனடாவில் ஒரு பிள்ளை தோற்றால் வேறு வழி பத்து இருக்கும். இங்கே தோற்றால் போக இடமில்லை. 2022இல் பார்த்தோமே, பெற்றோல் வரிசையில் சனம் நாள்கணக்கில் நின்றது, கடைகள் மூடின. அப்போது தன்மேல் பரிவு காட்டிக்கொண்டு இருந்திருந்தால் என் கடையும் மூடியிருக்கும். எங்கள் நாட்டில் தோல்விக்கு விலை கூட.

உளவளம் (நாரஹேன்பிட்டி)

உளவளத்துணை என் தொழில், அதனால் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஐயா சொன்ன கடைசி வரி முழு உண்மை. இங்கே தோல்விக்கு விலை கூட. அதனால்தான் விழுந்தவன் எழும்பும் வேகம் முக்கியம். விழுந்த இடத்திலேயே தன்னை மிதித்துக்கொண்டு நிற்பவனுக்கு அது பிந்துகிறது. 2022இல் கடையைக் காப்பாற்றியது உங்கள் திட்டா, உங்கள் திட்டமா? ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்து, எந்தச் சரக்கை எடுப்பது, யாரிடம் தவணை கேட்பது என்று தீர்மானித்திருப்பீர்கள். அந்த மூளை பயத்தில் உறைந்திருந்தால் தீர்மானம் வராது.

இங்கே இரண்டு விசயம் கலந்து கிடக்கிறது. செய்த காரியம் பிழை என்று சொல்வது ஒன்று. செய்த ஆளே பிழை என்று சொல்வது இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் அல்பேர்ட் எல்லிஸ் 1950களிலிருந்தே இதைத்தான் விடாமல் சொன்னார்: செயலுக்குப் புள்ளி போடு, மனிதனுக்குப் போடாதே. பேரேட்டில் தொகை பொருந்தவில்லை என்றால் எந்த வரியில் என்று தேடலாம், கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். "நான் ஒன்றுக்கும் ஏலாதவள்" என்பதை எந்த வரியில் போய்த் திருத்துவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை மேல்நாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தன்மீதான பரிவை ஆய்வுக்குரிய பொருளாக்கியவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப். 2003இல் அதை அளக்க 26 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஆனால் அவர் அந்த எண்ணத்தை எடுத்ததே பௌத்தத் தியான மரபிலிருந்து. அந்த மரபில் அன்பைப் பரப்பும் தியானத்துக்கு விரிவான வழிகாட்டி எழுதியவர் புத்தகோசர். எழுதிய இடம் அநுராதபுரம் மகாவிகாரை, காலம் 5ஆம் நூற்றாண்டு. அதில் அவர் சொல்லும் முதற்படி, "நான் சுகமாக இருப்பேனாக" என்று தன்னிலிருந்து தொடங்குவது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள், கடைசியில் பகைவர். இந்தத் தீவிலிருந்து போனது சுற்றித் திரும்பி வந்திருக்கிறது.

இரவுக்கடமை (தெகிவளை)

நான் தாதி. ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது, வார்டில் கண்டதைச் சொல்கிறேன்.

நீரிழிவு கிளினிக்கில் நெடுங்காலம் வேலை செய்தேன். தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிட்டவர்கள், நத்தாருக்குக் கேக் சாப்பிட்டவர்கள், அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்கள். ஏன்? சீனி கூடியிருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். இரத்தப் பரிசோதனையில் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியே தெரிந்துவிடும், பொய் சொல்லவும் முடியாது. வெட்கம். "என்னைக் கட்டுப்படுத்தத் தெரியாத மனுசன் நான்" என்று ஒளித்து இருந்துவிட்டு, கடைசியில் காலில் புண்ணோடு வருவார்கள். அந்தப் புண்ணுக்குச் சீனி எவ்வளவு காரணமோ, வெட்கமும் அவ்வளவு காரணம் என்றுதான் நான் சொல்வேன்.

"சரி, சாப்பிட்டுவிட்டேன், இனி என்ன செய்யலாம் மிஸ்?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் நோயைப் பொருட்படுத்தாதவர்கள் இல்லை. கொப்பியை மறக்காமல் கொண்டுவருபவர்களும், மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

நீலக்குடைத் தங்கச்சி, நீங்கள் நின்றுவிடமாட்டீர்கள்.

தேயிலைக்கொழுந்து (கிராண்ட்பாஸ்)

நான் ஹட்டன் பக்கம். இங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. வாசித்துக்கொண்டு வந்தேன், ஒரு விசயம் யாரும் தொடவில்லை.

உள்ளே கேட்கும் குரல் எல்லாருக்கும் சொந்தக் குரல்தானா? எனக்குள் இருந்த குரலின் வார்த்தைகள் என்னுடையவை இல்லை. கொழும்புக்கு வந்த புதிதில் நான் வாயைத் திறந்தால் போதும், என் கதையைக் கேட்டுவிட்டு "தோட்டக்காட்டான்" என்பார்கள். தமிழரே சொன்னார்கள். லயத்தில் பிறந்ததை மறைத்தேன், ஊர் கேட்டால் நுவரெலியா டவுன் என்றேன். பிறகு வெளியில் யாரும் சொல்லாத நாளிலும் அந்தச் சொல் உள்ளே தானாக ஓடத் தொடங்கியது.

எனக்கு வெளிச்சம் தந்தது வரலாறு. 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் மலையகச் சனத்தை நாடற்றவர்களாக ஆக்கினார்கள். அந்த நிலையை முடித்துவைக்கும் சட்டம் வர 2003 ஆனது. தாத்தாவிடம் ஒரு பேப்பர் இல்லாமல் போனதற்குக் காரணம் பாராளுமன்றம், அவருடைய குறைபாடு இல்லை. 2023இல், எங்கள் ஆட்கள் வந்து 200 வருடம் என்பதை நினைவுகூர, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள் அல்லவா? எங்கள் ஆட்கள் முதன்முதல் வந்து இறங்கி, காடு வழியே நடந்து, பாதியிலேயே செத்துப்போன அதே பாதை. கடையில் லீவு கேட்டு ஒரு பகுதிக்கு நானும் போய் நடந்தேன். அன்றைக்கு யாரோ ஊர் கேட்டார்கள். எஸ்டேட் பெயரையும் டிவிசன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

அதனால்தான், உன்னை நீ ஏற்றுக்கொள் என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள் என்று கேட்கிறேன். ஏற்க முடியாதபடி செய்தது யார் என்றும் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் அதையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்வோம்: தன்னை நேசிக்கக்கூடத் தெரியாதவன் என்று.

மாலைவகுப்பு (பம்பலப்பிட்டி)

தம்பி, இந்த இழையில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட பதிவு உங்களுடையது. கடைசி வரியை என் வகுப்பில் வாசித்துக் காட்டலாமா?

தேயிலைக்கொழுந்து (கிராண்ட்பாஸ்)

தாராளமாக, ரீச்சர்.

கொட்டாஞ்சேனைக்காரன்

தம்பி சொன்னது நெஞ்சில் பட்டது. அந்தச் சொல்லை என் தெருவிலும் கேட்டிருக்கிறேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், பெரியவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். நாம் வளர்ந்ததே தன்னைத் தாழ்த்திப் பாடித்தானே? "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்று ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் பாடுகிறோம். அது பிழையா?

ஐந்தெழுத்து (கப்பித்தாவத்தை)

பிழையில்லை. நீங்கள் அரைவாசியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். சிவபுராணத்தில் அடுத்த அடி, "தாயிற் சிறந்த தயாவான தத்துவனே." நாயிலும் கடையாகக் கிடந்தவனுக்குத் தாயை விடச் சிறந்த தயவு கிடைத்தது என்பதுதான் மாணிக்கவாசகர் சொன்ன முழு வாக்கியம். முதல் பாதி இரண்டாவது பாதிக்காகவே இருக்கிறது.

அவர் தன்னைத் தாழ்த்திக்கொள்வது ஏற்றுக்கொள்ளும் ஒருவன் முன்னால். அணைக்கக் கை நீண்டிருக்கும்போது குறையைச் சொல்லலாம், அழலாம், எதுவும் சொல்லலாம். நள்ளிரவில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "நீ நாய்" என்று தன்னையே சொல்கிறவருக்கு எதிரே யார் நிற்கிறார்கள்? அங்கே தயவு வர வழி இல்லை. அதைப் பக்தி என்று எண்ணி யாரும் ஏமாறக்கூடாது.

வள்ளுவரிடம் போனாலும், வெகுளாமையில், "தன்னைத்தான் காக்கின் சினங்காக்க காவாக்கால் தன்னையே கொல்லுஞ் சினம்" என்கிறார். பிறர்மேல் வரும் கோபத்துக்கே அந்த நிலை. தன்மேலேயே திருப்பிய கோபம் எவ்வளவு கெதியாகக் கொல்லும் என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மல்லிகைக்கொடி (தெமட்டகொடை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பரீட்சை பற்றியே எல்லோரும் கதைக்கிறீர்கள். என் வீட்டில் பிரச்சினை நிறம்.

மூத்த மகளுக்கு அவளுடைய வாப்பாவின் நிறம். அழகான பிள்ளை. ஆனால் சொந்தத்தில் ஒரு கலியாணம் என்றால் யாராவது ஒருவர், "இளையவள் வெள்ளை, மூத்தவள்தான் கொஞ்சம்..." என்று இழுப்பார். இப்போது அவள் போட்டோவுக்கு நிற்பதில்லை. கடையில் ஒரு கிறீம் வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். சின்ன டப்பா, என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒன்றும் எழுதவில்லை. ஏசினால் இன்னும் ஒளிப்பாளோ என்று பயமாக இருக்கிறது. தாதி மிஸ், என்ன செய்வது?

இரவுக்கடமை (தெகிவளை)

ஏசாதீர்கள், ஆனால் அந்த டப்பாவை இன்றைக்கே நிறுத்துங்கள். சேர்மானம் எழுதாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். தோலில் நிறமி உருவாவதைத் தடுத்து வெளிறச் செய்வது அதுதான். தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பையும் பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களைத் தடைசெய்கிறது. இருந்தும் பெயரில்லா டப்பாக்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நெடுநாள் பூசியிருந்தால் டொக்டரிடம் காட்டி, டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

மகளிடம் "நீ வெள்ளைதான்" என்று சொல்லாதீர்கள், அது பொய் என்று அவளுக்குத் தெரியும். "நிறம் முக்கியமில்லை" என்றும் சொல்லாதீர்கள். அவளைச் சுற்றியிருப்பவர்கள் முக்கியம் என்று ஒவ்வொரு நாளும் காட்டுகிறார்களே. "அவர்கள் சொன்னது வலிக்கும், எனக்கும் வலித்தது" என்று சொல்லுங்கள். அடுத்தமுறை யாராவது இழுக்கும்போது, பிள்ளைக்குக் கேட்கும்படி அங்கேயே நிறுத்துங்கள். பிறகு அவள் தனக்குள் சொல்லிக்கொள்ள அவளிடம் உங்கள் வார்த்தை இருக்கும்.

மல்லிகைக்கொடி (தெமட்டகொடை)

ஜஸாக்கல்லாஹ் மிஸ். இன்று பின்னேரமே கதைக்கிறேன்.

நீலக்குடை (வெள்ளவத்தை)

எல்லாவற்றையும் வாசித்தேன், சிலதை இரண்டுதரம் வாசித்தேன். தம்பியின் பதிவுக்குப் பிறகு என் குரலையும் கவனித்துக் கேட்டேன். "என்ன கிழித்தாய்" என்பது நான் யாரிடமும் பாவிக்கும் சொல் இல்லை. உறவில் ஒருவர் வழக்கமாகச் சொல்லும் சொல்.

உளவளம், ஒரு சந்தேகம். "பரவாயில்லை, உன் பிழை இல்லை" என்று சொல்லிப் பார்க்கிறேன். சொற்கள் சரி. ஆனால் உள்ளே ஒன்றும் இளகவில்லை. நேற்று இரவு முயன்றபோது ஆறுதலுக்குப் பதில் அழுகைதான் வந்தது. பிழையாகச் செய்கிறேனா?

உளவளம் (நாரஹேன்பிட்டி)

இல்லை. இரண்டுமே வழக்கமாக நடப்பவை.

முதலாவதைக் கவனித்தவர் பிரித்தானிய உளவியலாளர் போல் கில்பேர்ட். அவரிடம் வந்தவர்கள் சரியான, நியாயமான வாக்கியங்களைத் தங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் எந்தத் தொனியில் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, குளிர்ந்த, எரிச்சலான தொனியில் என்று தெரியவந்தது. "உன் பிழை இல்லை" என்பதையும் அதட்டிச் சொல்லலாம். அதனால்தான் அவர் தன் சிகிச்சை முறையில் தொனியையே பயிற்றுவித்தார்: மெதுவான மூச்சு, தளர்ந்த முகம், ஆதரவான குரல். ஆபத்தை உணரும் அமைப்பு உடம்பில் இருப்பதுபோல் ஆறுதலை உணரும் அமைப்பும் இருக்கிறது, அதை எழுப்பச் சொல் மட்டும் போதாது என்பது அவர் கருத்து. நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். அது கூச்சமாக இருந்தால் ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழில் சொல்லாமல், வீட்டில் அன்பாகக் கதைக்கும் தமிழில் சொல்லுங்கள். "சரி பிள்ளை, இது கஷ்டம்தான், பாப்பம்." அவ்வளவும் போதும்.

இரண்டாவது, அழுகை. நெஃப்பும் கிறிஸ்டோபர் ஜேர்மரும் சேர்ந்து எட்டுக் கிழமைப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். அதில் தொடக்கத்திலேயே எச்சரிப்பார்கள்: அன்பு உள்ளே போகும்போது பழைய வலி வெளியே வரும். இவ்வளவு காலம் அமுக்கி வைத்தது வருகிறது. கூடிப்போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி நில்லுங்கள், முகம் கழுவுங்கள், மரின் டிரைவ் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். நிறுத்துவதும் தன்மேல் காட்டும் பரிவுதான்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. நித்திரை, பசி குழம்பி, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால், அல்லது சாகவேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அது வைத்தியம் தேவைப்படும் நிலை. சுயபயிற்சியோடு நிற்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். 1333 என்ற இலவச இலக்கமும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்

கடையைப் பூட்டிவிட்டு வந்து யோசித்து எழுதுகிறேன்.

என்னிடம் கடன் கொப்பி ஒன்று இருக்கிறது. வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் சரக்கு எடுத்துவிட்டுத் தவணையில் கட்டுவார்கள். சிலருக்குப் பிந்தும். அவர்களை நான் திட்டுவதே இல்லை. தொழில் பழகிய நாளிலேயே படித்த பாடம் அது: கடன்காரனைத் திட்டினால் அவன் அந்தத் தெருவாலேயே வரமாட்டான், காசும் வராது, ஆளும் போய்விடுவான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "என்ன பிரச்சினை, எவ்வளவு ஏலும், எப்ப ஏலும்" என்று கேட்டால் மெல்ல மெல்லக் கட்டிவிடுவான். ஆனால் கொப்பியில் உள்ள தொகையில் ஒரு சதம் அழிக்கமாட்டேன்.

தாதிப் பிள்ளை கிளினிக் கதையைச் சொன்னபோது இதுதான் ஞாபகம் வந்தது. வெளியாளிடம் நான் நடந்துகொள்ளும் முறையை என்னிடம் மட்டும் ஏன் பாவிக்கவில்லை என்று இரவெல்லாம் யோசித்தேன். நீலக்குடைப் பிள்ளை, கொப்பியை மூடாதீர்கள். திட்டாமல் கேளுங்கள்: எவ்வளவு ஏலும், எப்ப ஏலும்.

அப்பு சொன்னதை முழுதாகக் கைவிட என்னால் முடியாது. அவர் காலம் வேறு. ஆனால் என் மகனிடம் அந்தப் பழமொழியை இனிச் சொல்லமாட்டேன்.

உளவளம் (நாரஹேன்பிட்டி)

ஐயா, நான் படித்த பாடநூல்களில் இவ்வளவு தெளிவாக இது எழுதப்பட்டிருக்கவில்லை. தொகையை அழிக்காத பரிவு. இதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்ல முயன்றேன்.

நீலக்குடை (வெள்ளவத்தை)

ஐயா, நன்றி. உங்கள் கடைசிப் பதிவை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. வருகிற ஞாயிறு சொந்தத்தில் கலியாணம். அந்த உறவுக்காரர் வருவார், மெடிசின் கதையைக் கட்டாயம் எடுப்பார். சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, சிரித்து மழுப்பவும் இனி விருப்பமில்லை. என்ன சொல்வது?

மல்லிகைக்கொடி (தெமட்டகொடை)

மகள், உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "அது கிடைக்கவில்லை, எனக்குக் கவலையாக இருந்தது. இப்போது கணக்கியல் செய்கிறேன், பிடித்திருக்கிறது." அதோடு நிறுத்துங்கள். விளக்கம் கொடுத்தால்தான் அவர் மேலே கேட்பார்.

இரவுக்கடமை (தெகிவளை)

அதோடு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் பக்கத்தில் நின்றால் போதும். மண்டபத்தில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் கை கழுவும் இடத்துக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

தேயிலைக்கொழுந்து (கிராண்ட்பாஸ்)

உளவளம் அக்கா, வைத்தியம் வேண்டாம், யாரிடமாவது மனம்விட்டுக் கதைத்தால் போதும் என்று நினைக்கிற பொடியன்கள் எங்கள் கடைத்தெருவில் நிறைய. காசு கட்டி ஆள் பார்க்க அவர்களால் ஏலாது. எங்கே அனுப்புவது?

உளவளம் (நாரஹேன்பிட்டி)

தம்பி, சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, ஹோர்ட்டன் பிளேசில். 1974இலிருந்து இயங்குகிறது. காசு வாங்கமாட்டார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை, தீர்ப்பு சொல்லாமல் கேட்பார்கள். தமிழில் கேட்கக்கூடிய தொண்டர் எந்த நேரத்தில் இருப்பார் என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். தனியாகப் போக வெட்கப்பட்டால் முதல் நாள் வாசல்வரை நீங்களும் கூடப் போங்கள்.